மூட்டைக்கு இரண்டு கிலோ

வீரசிங்கம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார் என்று பெரகல சந்தியில் தேநீர்க் கடைக்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இடது காது கேட்காது. கோழி அறுப்பதற்குக்கூடப் பக்கத்து லயத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவர். விசாரித்துப் பார்த்ததில், அவர் துப்பாக்கி தூக்கப் போகவில்லை, முகாமில் மூட்டை நிறுக்கப் போயிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த முகாமுக்கு உருளைக்கிழங்கு மூட்டை கொண்டுபோய் இறக்குகிறவன் நான். அதனால் சேதி எனக்கு நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டே தேநீரைக் குடித்தேன்.

என் பெயர் காமில். வெலிமடைப் பக்கத்துக் கமக்காரரிடம் கிழங்கு வாங்கி லொறியில் ஏற்றுவது வாப்பா காலத்திலிருந்து எங்கள் தொழில். முகாமின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களோடு எனக்கு இன்னும் வியாபாரம் இருக்கிறது. வீரசிங்கம் இருந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். அங்கே தோட்டத்தை நடத்துகிற துரை இன்னும் அதே துரைதான்.

படம் பார்த்தவர்கள் ராணுவம் என்றால் சுடுகிறவர்கள் என்று நினைப்பார்கள். எனக்குத் தெரிந்த ராணுவம் சாப்பிடுகிற ராணுவம். ஆயிரம் பேர் இருக்கிற முகாம் அது. ஒவ்வொரு பின்னேரமும் ஓர் அறையில் உட்கார்ந்து நாளைக்கு எத்தனை வாய் என்று எழுதுகிறார்கள். லீவில் போனவன், ஆஸ்பத்திரியில் கிடப்பவன், பயிற்சிக்குப் போனவன் எல்லாரையும் கழித்து ஓர் எண் வரும். அந்த எண்ணை ஆளுக்கு நூறு கிராம் என்று பெருக்கினால் நாளைய கிழங்கு. வாரத்துக்கு ஐம்பது கிலோ மூட்டை பதினான்கு. நான் கொண்டுபோனதும் வாசலில் நிறுத்து ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். ஸ்டோருக்குப் போகும்போது இன்னொரு புத்தகம். சமையலுக்குக் குசினிக்குக் கொடுக்கும்போது மறுபடி நிறுத்து மூன்றாவது புத்தகம். ஒரு கிழங்கு வயலிலிருந்து வாய்க்குப் போவதற்குள் ஆறு பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். சாப்பிடுகிறவன் மட்டும்தான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

இந்த ஆறு கையெழுத்தில் முதலாவதுதான் வீரசிங்கத்துக்குக் கிடைத்த வேலை.

அதற்கு முன் இருபத்து நான்கு வருடம் அவர் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்தவர். பெண்கள் காலையில் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று மூன்று முறை கொழுந்தை நிறுக்கிற கொட்டகையான மடுவத்துக்குக் கொண்டுவருவார்கள். வீரசிங்கம் தராசில் தொங்கவிட்டு, முள் நிற்கும்வரை பார்த்து, முள் காட்டியதில் இரண்டு கிலோவை வெட்டிவிட்டு மீதியை எழுதுவார். வெட்டுவது தண்ணீருக்காக. மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும், அதனால் இரண்டு கிலோ. வெயில் நாளில் கொழுந்து நனைந்திருக்காது, ஆனாலும் இரண்டு கிலோ. இவருக்கு முன் நிறுத்தவரும் அப்படித்தான் வெட்டினார். அவருக்கும் முன் இருந்தவரும் அப்படித்தான். நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ விழுந்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம். அதற்குக் குறைந்தால் அரைப்பேர்.

அவருடைய மனைவி பாக்கியலெட்சுமியும் அதே மலையில் கொழுந்து எடுக்கிறவர். பெண்சாதி என்பதற்காக வீரசிங்கம் தராசில் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. பாக்கியலெட்சுமிக்கும் தடவைக்கு இரண்டு கிலோ வெட்டினார். மாதத்தில் பாதி நாள் அந்த அம்மாவுக்குப் பதினாறு, பதினேழு என்றுதான் விழும். அரைப்பேர் எழுதுவார். ஒரு தீபாவளி மாதத்தில் பன்னிரண்டு அரைப்பேர் வந்து, வீட்டில் சண்டையாகி, பாக்கியலெட்சுமி ஒன்பது நாள் பேசவில்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"அவளுக்குக் கை கொஞ்சம் மெதுவு, மொதலாளி. அதுக்குத் தராசு என்ன செய்யும்?" என்றார்.

பிறகு தோட்டத்தில் இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே மடுவம் என்று ஆனது. இரண்டு நிறுக்கிறவர்களில் ஒருவர் போதும் என்றார்கள். வீரசிங்கம் வீட்டுக்கு வந்தார். அந்த நேரம் கிராம சேவகர் ஒப்பீஸில், முகாமுக்கு நிறுவையில் அனுபவமுள்ள சிவில் ஆள் தேவை, ஒரு வருட ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தோட்டத்தில் நற்சான்று கேட்டார். இருபத்து நான்கு வருடத்தில் இவருடைய நிறுவையால் தோட்டத்துக்கு ஒரு கிலோகூட நட்டம் வந்ததில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அது முழு உண்மை. அவர் சின்ன வயதில் அந்த முகாம் வாசலில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர். இப்போது அதே வாசலில் காவல்காரன் அவருக்குக் காலை வணக்கம் சொல்கிறான்.

அவர் வேலைக்கு வந்த முதல் வாரம் நான் பதினான்கு மூட்டை இறக்கினேன். முதல் மூட்டை தராசில் ஏறியது. ஐம்பது காட்டியது. வீரசிங்கம் நாற்பத்தெட்டு என்று எழுதினார்.

"அண்ணன், அம்பது காட்டுதே" என்றேன்.

"தண்ணி."

"நாலு நாளா மழையே இல்லியே."

"மண்ணு."

"மண்ணெல்லாம் உதறித்தானே கட்டினது."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாக்குன்னு ஒன்னு இருக்குல்ல, மொதலாளி" என்றார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. வியாபாரி நிறுக்கிறவனோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பது வாப்பா சொன்னது. அடுத்த வாரம் மூட்டைக்கு ஐம்பத்திரண்டு கிலோ கட்டிக்கொண்டு போனேன். வீரசிங்கம் நிறுத்தார், ஐம்பது என்று எழுதினார், நல்ல பிள்ளை என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு பிணக்கும் இல்லை. வாரா வாரம் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அவருக்கு அந்த வேலையில் பெரிய பெருமை. தராசை அவர்தான் துடைப்பார். காலையில் முதல் வேலையாக இருபது கிலோ படிக்கல்லை ஏற்றிச் சரிபார்ப்பார். அதோடு பாக்கியலெட்சுமிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன. நாற்பத்தொன்பது வயதில் மலையில் இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு மாதிரித்தான் இறங்க முடிந்தது. முகாமில் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டித்தால் அந்த அம்மா கூடையை வைத்துவிடலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் முழங்காலைக் காட்டத் திகதியும் எடுத்திருந்தார்கள். வீரசிங்கம் இதை என்னிடம் நாலைந்து தடவை சொன்னார்.

தை மாதம் முகாமில் வருடாந்த இருப்பு எண்ணினார்கள். உருளைக்கிழங்கு இருபத்திரண்டு மூட்டை கூடுதலாக இருந்தது.

இது எப்படி வந்தது என்பதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. வாசலில் ஐம்பத்திரண்டு உள்ளே போகிறது, புத்தகத்தில் ஐம்பது ஏறுகிறது. குசினிக்கு ஒழுங்காக நிறுத்துக் கொடுக்கிறார்கள். மூட்டைக்கு இரண்டு கிலோ ஸ்டோரிலேயே தங்கிவிடுகிறது. பழைய மூட்டையை முதலில் எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் மிஞ்சிய கிழங்கு எப்போதும் புதுக் கிழங்காகவே இருந்தது. ஸ்டோர் சார்ஜன்ட் ஐந்தாம் மாதமே இதைக் கவனித்திருக்கிறார். கவனித்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் அடுக்கி, மேலே தறப்பாள் போட்டு மூடியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, குறைந்தால் எழுதுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது, கூடினால் எழுதுவதற்கு எந்தப் படிவம் என்று தனக்குத் தெரியவில்லை என்றாராம். எனக்கு அந்த மனிதரைப் பிடித்தது.

முகாமில் இதைச் சாதாரணமாக எடுக்கவில்லை. விசாரணைக்கு ஒரு மேஜரையும் இரண்டு சின்ன அதிகாரிகளையும் போட்டார்கள். குறைந்திருந்தால் கள்ளன் கொண்டுபோய்விட்டான் என்று அர்த்தம், கூடியிருந்தால் கள்ளன் இன்னும் கொண்டுபோகவில்லை என்று அர்த்தம் என்று மேஜர் சொன்னதாகக் கேள்வி. சிப்பாய்களின் வாயில் அடித்து மிச்சம் பிடித்தார்களா, வெளியே விற்க வைத்திருந்தார்களா என்று கேள்விமேல் கேள்வி. வீரசிங்கத்தின் ஒப்பந்த நீட்டிப்புக் கடிதம் கையெழுத்தாகாமல் மேஜரின் கோப்புக்குள் போனது.

விசாரணைக்கு முதல்நாள் சார்ஜன்ட் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். தராசு பழுது என்று சொல்லிவிடு. தராசைக் கழித்துவிடுவார்கள், புதுத் தராசு வரும், தராசுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். நானும் அதைத்தான் சொன்னேன்.

"தராசு மேல பழி போடச் சொல்றீங்களா?" என்றார் வீரசிங்கம். அவருடைய முகத்தைப் பார்த்தால், அவருடைய அம்மாவை ஏதோ சொல்லிவிட்டேன் போல இருந்தது. "நான் தெனமும் கல்லு வெச்சுப் பாக்குறேன். அது நூறு கிராம் பிசகாது. நான் என்ன தப்பு செஞ்சேன்? ராணுவத்துக்கு நட்டம் வராமதானே வெட்டுனேன். பெரியவங்க கேட்டா வெளங்கிக்குவாங்க."

அவர் பயப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

மூட்டை கொடுத்தவன் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். விசாரணை மூட்டை இறக்குகிற கொட்டகையிலேயே நடந்தது. ஒரு மேசை, மூன்று கதிரை, பக்கத்தில் தராசு. பேச்சு சிங்களத்தில். நான் தமிழில் சொல்கிறேன்.

"மூட்டையில் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று மேஜர் கேட்டார்.

"தெரியும் சேர். நான்தானே நிறுத்தேன்."

"புத்தகத்தில் ஐம்பது என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாங்க சேர். ரெண்டு கிலோ தண்ணி."

"உருளைக்கிழங்கில் தண்ணீரா?"

"தண்ணி, மண்ணு, சாக்கு. எல்லாம் சேத்து சேர்."

"அது இரண்டு கிலோ என்று யார் நிறுத்தது?"

இருபத்து நான்கு வருடத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. வீரசிங்கம் கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு மறுபடி கேட்கச் சொன்னார். மேஜர் மறுபடி கேட்டார்.

"அத யாரும் நிறுக்கறதில்ல சேர். அது வெட்டுறது."

மேஜர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ராணுவத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. தெரியாத எடை என்று ஒன்று இருந்தால் அதை நிறுக்காமல் விட மாட்டார்கள். ஸ்டோரிலிருந்து மூன்று மூட்டை கொண்டுவரச் சொன்னார். தறப்பாள் விரித்துக் கொட்டச் சொன்னார். இரண்டு சிப்பாய்கள் சப்பாத்துத் துடைக்கிற பிரஷ், புதுப் பிரஷ்தான், எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கிழங்காகத் துடைத்தார்கள். மூட்டைக்கு ஐந்நூறு கிழங்கு இருக்கும். துடைத்ததை வெயிலில் பரப்பினார்கள். கிழங்கு காயும்வரை அதற்கு ஒரு காவல் போட்டார்கள். துவக்கோடு ஒருவன் உருளைக்கிழங்குக்குக் காவல் நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு எனக்கும் கொடுத்தார்கள். கிழங்குக் கறி இருந்தது.

காய்ந்த பிறகு மேஜர் வீரசிங்கத்தையே நிறுக்கச் சொன்னார். நியமிக்கப்பட்ட ஆள் அவர்தான், வேறு யாரும் தராசைத் தொடக் கூடாது என்றார். முதல் மூட்டையின் சாக்கு, துடைத்த மண், காய்ந்துபோன ஈரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முந்நூற்று எண்பது கிராம். வீரசிங்கம் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, "இன்னொன்னு பாப்போம் சேர்" என்றார். இரண்டாவது நானூற்றுப் பத்து. மூன்றாவது முந்நூற்று ஐம்பது. மூன்றாவதை அவர் வாசிக்கவில்லை. சின்ன அதிகாரி ஒருவர் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

வீரசிங்கம் தராசின் பக்கத்திலேயே நின்றார். விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. என் கிழங்கைத்தான் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் மேஜரிடம் திரும்பி, "சேர், பச்சைக் கொழுந்துல தண்ணி எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

"கொழுந்து இந்த விசாரணையில் இல்லை" என்றார் மேஜர்.

அந்தக் கேள்வியை எழுத வேண்டுமா என்று சின்ன அதிகாரி கேட்டார். வேண்டாம் என்று மேஜர் சொன்னார்.

பிறகு என்னுடைய முறை. நாற்பது வாரமாக மூட்டைக்கு இரண்டு கிலோ அதிகமாகக் கொடுத்தும் நான் ஏன் முறைப்பாடு செய்யவில்லை என்று மேஜர் கேட்டார். நிறுக்கிறவரோடு பகை வேண்டாம் என்று சொன்னேன். அப்படியென்றால் அந்த இரண்டு கிலோ நட்டத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். எனக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, வெலிமடையில் கமக்காரரிடம் வாங்கும்போது மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பேன் என்று சொன்னேன். எதற்காகக் கழிப்பீர்கள் என்றார். தண்ணீருக்காக என்றேன். மேஜர் பேனாவை மூடி வைத்தார். அந்த நேரம் எனக்கு வந்த வெட்கத்துக்கு வெள்ளைச் சட்டை உதவவில்லை.

பதினொரு நாள் கழித்து முடிவு வந்தது. களவு இல்லை. முறை பிழை. வீரசிங்கத்துக்கு எச்சரிக்கை, ஒப்பந்தம் ஒரு வருடம் நீடிக்கும். ஆனால் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டும். அதன் தமிழ்ப் பிரதியும் இணைத்திருந்தார்கள். ஒரு மூட்டையின் ஈரம், மண், சாக்கு ஆகியவற்றின் உண்மையான எடை சராசரியாக முந்நூற்று எண்பது கிராம் என்றும், இரண்டு கிலோ கழித்ததற்கு எந்த அளவும் ஆதாரமாக இல்லை என்றும், தேயிலைத் தோட்டத்தில் பழகிய வழக்கத்தின்படியே அவ்வாறு கழித்ததாகவும், இனிமேல் நிறுக்காத எதையும் கழிக்க மாட்டேன் என்றும் அதில் இருந்தது. கீழே முகாமின் முத்திரை, ஒரு ரூபாய்க் காசை விடப் பெரிது. வீரசிங்கம் கையெழுத்துப் போட்டுத் தன் பிரதியை வாங்கிக்கொண்டார்.

மிகுதிக் கிழங்கை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் முடிவில் இருந்தது. இருபத்திரண்டு மூட்டையை என் லொறியில் ஏற்றிவிட்டார்கள். அது உண்மையில் யாருடையது என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. கிழங்கு முளைத்துவிடும் என்பதால் விற்றுவிட்டேன். இப்போது கமக்காரரிடம் ஒரு கிலோதான் கழிக்கிறேன்.

அன்று வீரசிங்கத்தையும் லொறியில் ஏற்றிக்கொண்டு அவருடைய லயம்வரை கொண்டுபோய் விட்டேன். லொறிச் சத்தம் கேட்டே பாக்கியலெட்சுமி வாசலுக்கு வந்து நின்றார்.

"வேலை?" என்றார்.

"இருக்கு."

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்."

அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து முழங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டார். "அப்ப இந்த மாசக் கடைசியோட கூடைய வெச்சிடுறேங்க" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கே சந்தோஷமாக இருந்தது. வீரசிங்கம் அதோடு விட்டிருக்கலாம். நானாக இருந்தால் அந்தக் காகிதத்தை லொறி சீற்றுக்கு அடியில் தள்ளியிருப்பேன். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

பாக்கியலெட்சுமி ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக வாசித்தார். முடிந்ததும் மறுபடி நடுவிலிருந்து வாசித்தார்.

"ஒரு மூட்டைக்கு முன்னூத்தி எம்பது கிராமு."

"ஆமா."

"கொழுந்துக்கு?"

"தெரியல. நிறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"இருவத்தி நாலு வருஷமா நிறுத்தீங்களே."

பாக்கியலெட்சுமி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். "உள்ள வாங்க மொதலாளி, சாயத்தண்ணி ஊத்துறேன்" என்றார். நான் குடித்தேன். சீனி போட மறந்திருந்தார். நான் கேட்கவில்லை.

அடுத்து நடந்ததை வீரசிங்கம் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார். மீதியைத் தேநீர்க் கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னதில் பாதியை நான் கழித்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பாக்கியலெட்சுமி கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டுபோய், தராசில் மாட்டும் முன் நிறுக்கிற பையனிடம் காகிதத்தைக் கொடுத்திருக்கிறார். இனிமேல் தண்ணீரை வெட்டுவதென்றால் முதலில் தண்ணீரை நிறுக்க வேண்டும் என்றாராம். பையன் தோட்டத்து உத்தரவு என்றான். காகிதத்தைப் படி என்றார். பின்னால் நின்ற பெண்கள் காரணம் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கொழுந்துச் சாக்கையெல்லாம் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கொழுந்து தரையில் கிடந்தால் சூடேறிப் பழுதாகும் என்பது நிறுக்கிற பையனுக்குத் தெரியும். அவன் கணக்கப்பிள்ளைக்கு அறிவித்தான், கணக்கப்பிள்ளை துரைக்கு அறிவித்தார்.

துரை வண்டியில் வந்து இறங்கினார். காகிதத்தை வாங்கினார். எழுத்தைப் படிக்கும் முன் முத்திரையைத்தான் பார்த்தாராம். "ராணுவம் எதுக்குக் கொழுந்து நிறுக்குது?" என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டார். கணக்கப்பிள்ளைக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அவர் சொன்னது துரைக்கு இன்னும் பயத்தைக் கொடுத்திருக்கும் போல. துரை இரண்டு இடத்துக்குப் போன் எடுத்தார், இரண்டிலும் பேசக் கிடைக்கவில்லை. கடைசியில், நாளைக்கு ஒருநாள் மட்டும் வெட்டாமல் நிறுத்துப் பார்க்கலாம், கொழுந்தைத் தரையில் விரித்த படங்கில் உதறிக் கொட்டிவிட்டு, ஈரச் சாக்கையும் படங்கில் ஒட்டிய ஈரத்தையும் தனியாக நிறுத்துக் கழிக்கலாம் என்றார். ஒருநாள் மட்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. முகாமில் எனக்குக் கொஞ்சம் இறக்க இருந்தது. வேலை முடிந்து வீரசிங்கத்தையும் ஏற்றிக்கொண்டு லயத்துக்குப் போனேன். வீட்டு வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மலையிலிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாக்கியலெட்சுமி எல்லாருக்கும் கடைசியாக, பக்கவாட்டில் கால் வைத்து இறங்கி வந்தார். கூடையை இறக்கி வைத்தார்.

"எத்தன?" என்று வீரசிங்கம் கேட்டார்.

"தண்ணி மூணு தடவைக்கும் சேத்து ஒரு கிலோ. அது போக இருவத்தி ஒன்னு."

"இருவத்தி ஒன்னா?"

"எப்பவும் போலதான் எடுத்தேன். காலு வேற இன்னைக்குச் சரியில்ல." அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வீரசிங்கத்தைப் பார்க்காமல், எதிரே இருந்த தேயிலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்ப நீங்க எனக்குப் போட்ட அரைப்பேரெல்லாம் முழுப்பேருதானா?"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வீரசிங்கம் தராசு முள் நிற்பதற்குக் காத்திருப்பதுபோலக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"ஆமா பாக்கியம்" என்றார்.

அந்த அம்மா திட்டவில்லை. கோபம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கொழுந்துக் கறை படிந்த விரல்களைப் பார்த்தார்.

"எனக்குக் கை வராதுன்னு நானே நம்பிட்டேங்க" என்றார்.

வீரசிங்கம் எழுந்து போய்க் கூடையை எடுத்து உள்ளே வைத்தார். வெளியே வர அவருக்கு நேரமானது. நான் சொல்லிக்கொள்ளாமலே லொறிக்குப் போனேன்.